இரவு பத்து மணிக்குப் பிறகு வரும் கொமெண்டுகள்

கொழும்பில் ஒரு சிறிய தமிழ்ச் செய்தித் தளத்தில் வேலை செய்கிறேன். பதவி உதவி ஆசிரியர். நடைமுறையில் செய்வது என்னவென்றால், தளத்தில் ஏறும் ஒவ்வொன்றையும் பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் சனல் என்று எல்லா இடத்துக்கும் அனுப்பிவிட்டு, அதற்குக் கீழே சனம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. எங்கள் துறையில் இந்த இரண்டாவது வேலையை ஆகக் கடைசியாகச் சேர்ந்த பிள்ளையிடம்தான் கொடுப்பார்கள். ஆசிரியர் தலையங்கம் எழுத இருபது வருட அனுபவம் வேண்டும், கொமெண்ட் பார்க்க ஒரு போன் இருந்தால் போதும் என்பது பொதுவான நினைப்பு. நான் இந்த நினைப்போடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அனுப்பும் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் தளம் வைத்திருப்பவர் ஒரு பின்னேரத்துக்குள் பேஸ்புக் பக்கத்தோடு இணைத்துவிடலாம். பக்கத்தோடு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: சொந்தக் கணக்குக்குத் தானாகப் பதிவு போகும் வழியை பேஸ்புக் 2018 ஆகஸ்ட் மாதத்தோடு மூடிவிட்டது, பக்கமும் குழுவும்தான் மிஞ்சின, 2024 இல் குழுவுக்கான வழியும் போய்விட்டது. டுவிட்டர் கை மாறியபின் 2023 இல் அங்கும் ஏபிஐக்கு, அதாவது வெளி மென்பொருள் உள்ளே வரும் வழிக்கு, பெரிய காசு கேட்டார்கள், வேர்ட்பிரஸிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்ததும் நின்றது. ஆக இணைப்பு என்று நாங்கள் சொல்வது எப்போதும் அடுத்தவன் வீட்டுத் திறப்பு, அவன் பூட்டை மாற்றினால் நாங்கள் வெளியே. மற்றது படம். 1200க்கு 630 அளவில் ஒரு படத்தை முறையாகக் குறித்து வைக்காவிட்டால், லிங்கோடு எந்தப் படம் போய் ஒட்டும் என்று சொல்லவே முடியாது, விபத்துச் செய்திக்கு விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் முகம் வந்த பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். தலைப்பைத் தளத்தில் திருத்தினாலும் பேஸ்புக் தன்னிடம் இருக்கும் பழைய தலைப்பையே காட்டிக்கொண்டிருக்கும், அவர்களுடைய ஷெயாரிங் டிபக்கர் என்ற கருவியில் லிங்கைப் போட்டு மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். இவ்வளவும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

கொமெண்ட் அப்படி இல்லை.

தமிழ் வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில், அதாவது 2004 இல் பதிவுகளைத் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் தொடங்கி எல்லோரும் அதில் தங்கள் பதிவைச் சேர்த்துக்கொண்டிருந்த நாட்களில், பல பதிவுகளில் பின்னூட்டம் முதலில் பதிவை எழுதியவரிடம் வரும், அவர் பார்த்து விட்டால்தான் வெளியே தெரியும். மட்டுறுத்தல் என்று அதற்கு ஒரு கனமான பெயரும் வைத்திருந்தோம். பேஸ்புக் பக்கத்தில் கதை தலைகீழ். எழுதியது உடனே வெளியே நிற்கும், நாங்கள்தான் பின்னால் ஓடவேண்டும். இதற்கிடையில் யாராவது ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் அழித்தும் பிரயோசனமில்லை. 'மறை' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமத்தினால் கொமெண்ட் போய்விட்டது என்று பலர் நம்புகிறார்கள். எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தொடர்ந்து தெரியும், அவர்கள் தங்களுக்குள் லைக் போட்டுக்கொண்டு கதையை வளர்ப்பார்கள். அநாகரிகமான சண்டைக்கு இது நல்ல வசதி, சண்டைக்காரருக்குத் தான் மறைக்கப்பட்டதே தெரியாது. ஆனால் ஒருவரின் வீட்டு விலாசத்தையோ போன் நம்பரையோ எழுதியிருந்தால் மறைப்பது போதாது, அழிக்கத்தான் வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

அப்புறம் சொல் வடிகட்டி. கெட்ட வார்த்தைகளைப் பட்டியலாகக் கொடுத்தால் பேஸ்புக் தானே மறைத்துவிடும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தமிழில் ஒரு சொல்லுக்கு எத்தனை வால் ஒட்டும் என்று யோசித்துப் பாருங்கள், அவனை, அவனுக்கு, அவனோடு, அவன்ட, அவன்ரை. அதையே இங்கிலிஷ் எழுத்தில் தட்டுகிறவர்கள் பாதிப் பேர், அதில் ஒருவர் எழுதுவது போல இன்னொருவர் எழுதமாட்டார். யூனிகோடிலும் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேர்க்கலாம், கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் பழகிய மூத்தவர்கள் சிலர் அதை மாற்றாமலே ஒட்டிவிடுவார்கள், திரையில் வெறும் இங்கிலிஷ் எழுத்துக் குப்பையாகத் தெரியும், அதற்குள் என்ன திட்டு இருக்கிறது என்று கன்வேர்ட்டரில் போட்டுத்தான் அறியவேண்டும் (போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஏதாவது கோயில் திருவிழாவின் நேரம் கேட்டிருப்பார்கள், பாவம்). நான் வருவதற்கு முன்பே யாரோ எங்கள் பட்டியலில் 'நாய்' என்பதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். கொழும்புத் தெருநாய்களுக்குத் தடுப்பூசி போடுவது பற்றி ஒரு கட்டுரை போட்டோம், வாசித்தவர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டது போல பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது.

வடிகட்டி பிடிப்பதைவிட அது விடுவதுதான் எனக்குக் கவலை. 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வந்தபோது, அந்தச் செய்திகளின் கீழே வந்தவற்றில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாத கொமெண்டுகள் ஏராளம். "அவையளுக்கு இது காணும்தானே, லயத்திலை வாடகையும் இல்லையே" என்று மிக மரியாதையாக எழுதியிருப்பார்கள். மலையகத் தோட்டப் பக்கமான ஹட்டனிலிருந்து வந்து கொழும்பில் கடையில் நிற்கும் ஒரு பையன் அதை வாசிக்கும்போது என்ன ஆகும் என்பது எந்த மென்பொருளுக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் மேடையேறிய ஒரு இளம் கலைஞரைப் பற்றிய செய்தியின் கீழே ஒருவர் வந்து, "வாழ்த்துக்கள் தம்பி, எந்த ஊர்? ஊருக்குள்ளை எவடம்?" என்று கேட்பார். இரண்டாவது கேள்வி ஏன் வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். சாதியைக் கேட்கிறார். மறைப்பதா, விடுவதா? உண்மையாகவே அடுத்த ஒழுங்கைக்காரராகவும் இருக்கலாம். அவருடைய பழைய கொமெண்டுகளைப் போய்ப் பார்ப்பேன். எல்லா இடத்திலும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு திரிகிறவர் என்றால் தூக்கிவிடுவேன். இந்த முடிவை இருபது வயதுப் பிள்ளையிடம், சம்பளத்தையும் குறைத்துக் கொடுத்து, எப்படி ஒப்படைக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஒரு கொமெண்டால் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் சிலாபத்தைச் சொல்வேன். 2019 மே மாதம், ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் நடந்து மூன்று வாரம், பேஸ்புக்கில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் எழுதிய ஒற்றை வரியை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு கூட்டம் சேர்ந்தது. அவருடைய கடைக்கும் பள்ளிவாசல்களுக்கும் கல் விழுந்தது, ஊரடங்கு போட்டார்கள், அடுத்த நாள் குருநாகல் பக்கமும் மினுவாங்கொடையிலும் கடைகள் எரிந்தன, புத்தளம் மாவட்டத்தில் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய வருடம் மார்ச்சில் கண்டிப் பக்கத்துத் திகனயில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தின்போது அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் ஒரு வாரமளவில் முடக்கி வைத்தது, அந்தக் கலவரத்தில் தங்கள் தளத்தின் பங்குக்காக பேஸ்புக் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. இந்த நாட்டில் கொமெண்ட் பகுதி என்பது விளையாட்டு இடம் இல்லை. சட்டமும் பின்னால் நிற்கிறது. 2007 ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் சட்டத்தின் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்) கீழ் பேஸ்புக் பதிவுக்காக ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள், 2024 பெப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்து சேர்ந்தது.

முதலாளிமாருக்கு இந்த நியாயம் எல்லாம் ஏறாது, வெளிநாட்டு வழக்குச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். எஸ்தோனியாவில் டெல்பி என்ற செய்தித் தளம் வாசகர் எழுதிய கொமெண்டுகளுக்குப் பொறுப்பு என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் தீர்த்ததை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2015 இல் சரி என்று சொன்னது. கட்டவேண்டி வந்த பணம் 320 யூரோதான், ஆனால் பொறுப்பு பொறுப்புத்தானே. 2021 இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், ஊடக நிறுவனங்கள் தங்கள் பேஸ்புக் பக்கத்தில் மற்றவர்கள் எழுதுவதற்கும் வெளியீட்டாளர்தான் என்றது, சிஎன்என் அங்கே தன் பக்கங்களையே மூடிக்கொண்டது. நான் முன்பு வேலை செய்த இடத்தில் இதையெல்லாம் சொல்லி இன்னொரு ஆளை எடுக்கக் கேட்டேன். "அப்ப கொமெண்டை மூடிவிடுங்கோ" என்று பதில் வந்தது. மறுநாளே "ரீச் விழுந்திட்டுது, திறந்துவிடுங்கோ" என்றும் வந்தது (ரீச் என்றால் பதிவு எத்தனை பேரைப் போய்ச் சேருகிறது என்பது).

மூடுவதில் எனக்கும் விருப்பமில்லை. 2022 இல் எரிபொருளுக்குச் சனம் வரிசையில் நின்ற மாதங்களில் எங்கள் செய்தியைவிட அதற்குக் கீழே வந்தவைதான் சனத்துக்கு உதவின. பவுசர் வந்துவிட்டதா, காலி வீதியில் எந்தப் பெற்றோல் ஷெட்டில் மோட்டார் சைக்கிளுக்குத் தனி வரிசை, வெள்ளவத்தையில் காஸ் எந்தக் கடைக்கு இறங்கியது, இப்படி நிமிடத்துக்கு நிமிடம் வரும். ஜூலையில் எரிபொருளைப் பங்கிட கியூஆர் முறை வந்தபோது எப்படிப் பதிவது என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொடுத்தார்கள், வாகன இலக்கத்தின் கடைசி எண்ணுக்கு எந்த நாள் என்பதை ஒரு அக்கா தினமும் காலையில் தானாகவே எழுதிப்போடுவார். அதிலும் வேலை இருந்தது. "பம்பலப்பிட்டியிலை பெற்றோல் இருக்கு" என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு தெஹிவளையிலிருந்து டாங்கியின் அடியில் கிடக்கும் எண்ணெயில் ஒருவர் வந்து சேரும்போது ஷெட் காய்ந்துபோயிருக்கும். ஆகவே இரண்டு மணித்தியாலம் கழிந்த தகவல்களை நான் மறைத்துக்கொண்டே இருந்தேன், கோபித்தவர்கள் உண்டு. அந்த நாட்களில் நான் செய்ததைச் செய்தி ஆசிரியர் வேலை என்றுதான் சொல்வேன், வேறு பெயர் தெரியவில்லை.

மரண அறிவித்தல்கள் தனி உலகம். ஓம் சாந்தி, ஆழ்ந்த அனுதாபங்கள், நித்திய இளைப்பாற்றி, இன்னாலில்லாஹி என்று வரிசையாக வரும், அதற்கிடையில் "இவர் எங்களுக்குத் தரவேண்டிய சீட்டுக்காசு" என்று ஒன்று வந்து விழும். உறவினர் பெயர் விடுபட்டதற்குச் சண்டை, இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள் பற்றிய குத்தல். இங்கே நான் யோசிப்பதே இல்லை, எடுத்துவிடுவேன். சீட்டுக்காசு நியாயமாகவே இருக்கலாம், ஆனால் செத்தவீட்டுக்காரர் ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கொழும்புத் தமிழர் வட்டம் சின்னது. பக்கத்தை யார் பார்க்கிறார்கள் என்பது மெல்ல மெல்லத் தெரிந்துவிடும். வெள்ளவத்தை மார்க்கட்டில் மீன் வாங்க நிற்கும்போது ஒரு பெரியவர், "தம்பி, நான் எழுதினதை ஏன் தூக்கினனீங்கள்?" என்று கேட்டார்.

"அதிலை அந்தப் பிள்ளையின்ரை போன் நம்பர் இருந்தது அங்கிள்."

"உதவி செய்யச் சொல்லித்தானே போட்டனான்?"

"ஓம் அங்கிள், ஆனா ராத்திரி முழுக்க அந்தப் பிள்ளைக்குக் கண்ட கண்ட கோல் எல்லாம் வரும்."

யோசித்துவிட்டு, நம்பரை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுகிறேன் என்றார், போட்டும் இருந்தார். திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் சொன்னால் விளங்கும் என்பது என் அனுபவம். அதனால் தூக்கும்போது முடிந்தவரை இன்பொக்ஸில் ஒரு வரி எழுதிவிடுகிறேன். மற்றப் பாதிக்கு எழுதவேண்டாம், அந்த வரியையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போடுவார்கள்.

இனி நேரம். எங்கள் வாசகரில் நிறையப் பேர் வெளிநாட்டில். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், லண்டன் நாலரை. அங்கே வேலை முடிந்து சாப்பிட்டு போனைக் கையில் எடுக்கும் நேரம் லண்டன்காரருக்கு என்றால் இங்கே நள்ளிரவு தாண்டிவிடும், கனடாக்காரருக்கு என்றால் இங்கே விடியப்போகும். மிகச் சூடான கொமெண்டுகள் இந்த இடைவெளியில்தான் விழுகின்றன, அப்போது ஒபிஸில் யாரும் இல்லை. வெளியூர்க்காரர் ஆகச் சூடாக எழுதுகிறார்கள் என்று இங்குள்ளவர்கள் குறை சொல்வார்கள், நான் அதை முழுதாக ஏற்கமாட்டேன், இங்கே பேர் போட்டு எழுதினால் என்ன ஆகும் என்ற பயம் அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். காணி, மாவீரர் நாள், மதமாற்றம், சாதி சம்பந்தமான கட்டுரைகளைப் பின்னேரம் பக்கத்தில் போடுவதில்லை, காலை ஏழு மணிக்குப் போடுகிறேன், பகல் முழுக்க நான் விழித்திருப்பேன். இரவு பத்துக்கு அந்தப் பதிவுகளில் யார் எழுதலாம் என்பதைச் சுருக்கிவிட்டு, காலை ஆறுக்குத் திரும்பத் திறக்கிறேன், பதிவுக்குப் பதிவு இப்படிச் செய்யும் வசதியை பேஸ்புக் 2021 இல் கொடுத்தது. ரீச் குறைகிறது என்று மாதாந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள், குறைகிறதுதான். இரவுக்கு ஒரு ஆளைத் தாருங்கள், ஊர் தெரிந்த, கொஞ்சம் வயதான ஒருவரை, முழுநேரமும் திறந்து வைக்கிறேன் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை.