திரும்பிப் பார்த்தாரா, திரும்பப் பார்த்தாரா

வான் இடித்து வார்டில் கிடந்த சைக்கிள்கார ஐயா, வாக்குமூலம் எடுக்கப் போன பொலிஸ்காரரான எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான் திரும்பப் பாத்தனான் தம்பி, அதுக்குள்ள வான் அடிச்சிட்டுது." அல்லது "திரும்பிப் பாத்தனான்" என்று சொன்னாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு இகரம்தான் வித்தியாசம். கீழ் உதட்டில் இரண்டு தையல், முகம் வீங்கியிருந்தது, ஊசி மருந்தின் மயக்கம் வேறு. அந்த வாயிலிருந்து அந்த இகரம் வந்ததா இல்லையா என்று இத்தனை நாள் கழித்தும் நான் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன்.

நான் என் காதில் விழுந்தபடி, தமிழ் தெரியாத சார்ஜன்டுக்குச் சிங்களத்தில் சொன்னேன், "ஹெரென்ன ஹெதுவா" என்று. திரும்ப முயன்றார் என்று அர்த்தம். அவர் திரும்பிப் பார்த்ததாகச் சொல்லியிருந்தால் "ஹெரிலா பெலுவா" என்று சொல்லியிருக்க வேண்டும். தமிழில் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருக்கிற இரண்டு சொல், அந்த மொழியில் போனதும் ஒன்றை மற்றதாகக் கேட்க முடியாதபடி விலகிவிடுகிறது. சார்ஜன்ட் எழுதினார். பின்னால் பார்த்துவிட்டுப் போகிற கவனமான ஆள், சொல்லாமல் கொள்ளாமல் வானுக்குக் குறுக்கே திரும்பின ஆளாகிவிட்டார்.

இப்போது நான் அந்த வேலையில் இல்லை. பொலிஸில் இருந்த பன்னிரண்டு வருஷத்தில் அடிதடி, களவு, கடலில் போனவர்கள் என்று எவ்வளவோ எழுதியிருக்கிறேன், அதெல்லாம் இப்படி வந்து நிற்பதில்லை. இதில் சாவும் இல்லை, ஒரு கால் முறிவுதான். ஆனால் இதில் என் கை இருக்கிறது.

நடந்தது திருகோணமலையில், கண்டி வீதியில், அனுராதபுரச் சந்தி தாண்டி, பங்குனி மாதம் மாலை ஆறேகாலுக்கு. மேசன் வேலை முடித்து வருகிற மனிதர். சைக்கிள் கரியரில் ஒரு உரப் பை, அதற்குள் மேசன் கரண்டி, தூக்குக்குண்டு, சாப்பாட்டுப் பெட்டி. பின்னால் வந்த டொல்பின் வான் பின்சில்லில் இடித்துத் தள்ளியது. அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது அந்த வான் சாரதிதான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஓடி ஒளிந்த ஆள் இல்லை.

அன்றிரவே சாரதி நிலையத்துக்கு வந்துவிட்டார். கதிரை போட்டார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். சார்ஜன்டும் சாரதியும் சிங்களத்தில் பேசினார்கள், என் உதவி தேவைப்படவில்லை, நான் பக்கத்து மேசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். லைசன்ஸ் எங்கே, இன்சூரன்ஸ் எங்கே, வரிப் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் அடுக்காக இருந்தது. "திடீரென்று வலது பக்கம் குறுக்கே போட்டுவிட்டார்" என்றார் சாரதி. அது நிலையத்தின் பதிவுப் புத்தகத்தில் ஏறியது. ஐயாவின் வாக்குமூலம் எடுக்க நாங்கள் வார்டுக்குப் போனது இரண்டு நாள் கழித்து.

இதைத்தான் நான் அப்புறம் அப்புறம் யோசிக்கிறேன். சைக்கிள்காரன் மேல் பொலிஸ்காரனுக்கு வெறுப்பு என்று வெளியில் சொல்வார்கள். நான் கண்ட அளவில் அப்படி ஒரு வெறுப்பு இல்லை. அந்த சார்ஜன்ட் வார்டுக்குப் போகும்போது ஐயாவுக்கு என்று இரண்டு தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்தவர், வாழைப்பழம் கடிக்க ஏலாது, தோடம்பழம் பிழிந்து குடிக்கலாம் என்று யோசித்து வாங்கினவர். வெறுப்பு இருந்தால் இது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நடக்கக்கூடியவர் முதலில் வருகிறார், அவர் சொன்னது முதலில் எழுதப்படுகிறது. படுத்துக் கிடப்பவர் இரண்டு நாள் கழித்து, ஏற்கெனவே எழுதின கதைக்குப் பதில் சொல்கிற ஆளாகிறார். அவரிடம் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை, ஏன் குறுக்கே போட்டீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

கேள்விகளையும் பாருங்கள். வாகனக்காரரிடம் கேட்பதற்கெல்லாம் பத்திரம்தான் பதில். பத்திரம் ஒழுங்காக இருந்தால் ஆளும் ஒழுங்கு என்று மனதில் ஒரு கணக்கு விழுந்துவிடுகிறது. சைக்கிள்காரரிடம் அப்படி எடுத்துக் காட்டப் பத்திரம் இல்லை. அதனால் லைட் இருந்ததா, குடித்திருந்தீர்களா, ஏன் தார் வீதிக்கு நடுவே வந்தீர்கள் என்று அந்த மனிதரின் நடத்தையையே கேட்கிறோம். அந்த இடத்தில் தார் முடிகிற விளிம்பு ஒரு சாண் பள்ளம், கீழே மணல், ஓரத்தில் போனால் சில்லு இறங்கி விழ வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். சார்ஜன்டுக்கும் தெரியும். அது புத்தகத்தில் இல்லை. அதைச் சொல்லிக் கேட்டு எழுத யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் நான் மோட்டார் சைக்கிள் எடுத்தேன், அதன்பின் சைக்கிளில் போகிறவர் என் கண்ணுக்கும் விலகிப் போக வேண்டிய ஆளாகத்தான் தெரிந்தார். 2022 இல் பெட்ரோல் வரிசையில் நாள் கணக்காக நின்றபோது நானும் பழைய லுமாலா சைக்கிளைத் தூசி தட்டி எடுத்து ஓடினேன். கியூஆர் குறியீட்டுப் பங்கீடு வந்து எண்ணெய் கிடைக்கத் தொடங்கியதும் மறுபடி சுவரில் சாத்திவிட்டேன். சாத்த முடியாதவர்கள் வீதியில் மிஞ்சினார்கள்.

லைட் விஷயம் கேட்டபோது ஐயா, "வெளிச்சம் இருந்தது தம்பி" என்றார். சார்ஜன்ட் "லைட் இல்லை" என்று எழுதினார். இரண்டும் உண்மைதான், ஐயா சொன்னது வானத்து வெளிச்சம், சார்ஜன்ட் எழுதினது சைக்கிள் லைட். எங்கள் ஊரில் கோட்டைப் பக்கம் மான்கள் வீதியில் படுத்துக் கிடக்கும், இரவில் குறுக்கே நடக்கும், அவற்றுக்கு லைட் இல்லை, வாகனங்கள் நின்று போகத்தான் செய்கின்றன. இது அன்றைக்கு வார்டில் எனக்கு வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

சரி, என் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். எழுதி முடித்ததும் நான் அவருக்கு முழுவதையும் தமிழில் வாசித்துச் சொன்னேன். "வலது பக்கம் திரும்ப முயன்றபோது" என்றுதான் சொன்னேன். அவர் தலையாட்டினார். கையொப்பம் வைத்தார், வலியோடு வைத்த கையொப்பம், கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தது. பிழை என்றால் அப்போது சொல்லியிருக்கலாம் அல்லவா? இந்தக் கேள்வியில் பல இரவு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அப்புறம் ஒரு நாள் யோசித்தேன், "வலது பக்கம்" என்று அவர் சொல்லவேயில்லை. அது சாரதி சொன்னது. என் காதில் இரண்டு நாளாக இருந்த கதை, அவர் வாயிலிருந்து வந்த அரைச் சொல்லைப் பிடித்து முழுதாக்கிவிட்டது. அந்த இகரத்தை நான் கேட்காமல் போனது அவர் உதட்டுத் தையலால் மட்டும் இல்லை.

ஒரு கேள்வி போதும். "ஐயா, திரும்பினதோ, பின்னால பாத்ததோ?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் தீர்ந்தது. கேட்கவில்லை. வார்டில் சாப்பாட்டு நேரம், தாதி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார், சார்ஜன்டுக்கு ஒரு மணிக்கு நீதிமன்றத்தில் வேறு வேலை.

இன்னொன்றும் இருக்கிறது. வாக்குமூலத்தை நானே தமிழில் எழுதியிருக்கலாம். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ், நீதிமன்ற மொழியும் தமிழ். அவர் தமிழில் சொன்னதை நான் சிங்களமாக்கி, அதை நீதிமன்றத்துக்காக இன்னொருவர் மறுபடி தமிழாக்குகிற இந்தச் சுற்று தேவையே இல்லை. ஆனால் விசாரணை சார்ஜன்டுடையது, தமிழில் எழுதினால் அவரால் வாசிக்க ஏலாது, ஒவ்வொரு வரிக்கும் என்னைக் கூப்பிடுவார். அந்தச் சோம்பலை அன்றைக்கு ஒத்துழைப்பு என்று நினைத்தேன்.

எலும்பு முறிந்தால் தண்டனைச் சட்டக்கோவைப்படி அது கடும் காயம். ஆனாலும் விஷயம் சின்னதாகவே முடிந்தது. சாரதி தண்டம் கட்டினார், வீட்டாருக்கு முப்பதாயிரம் ரூபாய் கொடுத்தார். மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் நட்டஈடு கேட்க மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று ஐயாவின் மனைவி நிலையத்துக்கு வந்து கேட்டார். "அவருடைய வாக்குமூலத்திலேயே அவர் பிழையும் இருக்கிறது, வருஷக் கணக்கில் இழுபடும்" என்றார் சார்ஜன்ட். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். "அம்மா, உங்கட ஆளின்ர பிழையும் இருக்கு" என்று. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அவர் அப்பிடிப் போறவர் இல்லையே மகன்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் வாதாடவில்லை. வழக்கு இழுபடும் என்பது பொய்யும் இல்லை, முப்பதாயிரம் அந்த வாரமே கைக்கு வந்தது, கூலி வேலை வீட்டுக்கு அது பெரிய காசு. நான் செய்தது அவர்களுக்கு ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று என்றுகூடச் சில நேரம் நினைப்பேன். நினைத்தவுடனே வெட்கமாக இருக்கும்.

இரண்டு மாதம் கழித்து மகன் சைக்கிளை எடுக்க வந்தான். பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். சைக்கிள் நிலையத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கிடந்தது. பின்சில்லு எட்டு விழுந்து, மட்கார்ட் டயரைப் பிடித்துக்கொண்டிருந்தது. உரப் பை கரியரில் கட்டினபடியே இருந்தது, கரண்டியில் ஒட்டின சீமெந்து காய்ந்து கல்லாகியிருந்தது. அவன் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

நான் கேட்டேன். "தம்பி, உங்கட வீடு எந்தப் பக்கம்?"

"பாலையூத்துப் பக்கம் சேர். அந்த இடத்தால போனா இடப்பக்க ஒழுங்கை."

"அப்ப அப்பா ஏன் வலப்பக்கம் திரும்பினவர்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "தெரியா சேர். வலப்பக்கம் ஒரு கடை இருக்கு, சில நாள் பாண் வாங்கப் போறவர்." அப்புறம், "எங்களிட்டக் கேட்டா பின்னால வான் சத்தம் கேட்டுப் பாத்தனான் எண்டுதான் சொல்லுறார். முந்தி என்ன சொன்னவர் எண்டு தெரியா" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. காசு கொடுத்துக் கையொப்பமும் வாங்கியாகிவிட்டது, புத்தகம் மூடியாகிவிட்டது. உள்ளே போய் சார்ஜன்டிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால், அவரே தலையாட்டிக் கையொப்பம் வைத்தாரே என்று சொல்லியிருப்பார், அதில் பிழை பிடிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பெற்றுக்கொண்டேன் என்று தமிழிலேயே எழுதச் சொல்லிக் கையொப்பம் வாங்கினேன். பின்சில்லு உருளாது என்பதால் அவன் சீட்டைப் பிடித்துத் தூக்கி, முன்சில்லில் உருட்டிக்கொண்டு போனான். பை ஒரு பக்கம் சரிந்து தூக்குக்குண்டு கரியர் கம்பியில் டங், டங் என்று அடித்தது. நான் படலை வரைக்கும் கூடப் போய், பையை நிமிர்த்திக் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டேன்.