ஆப்பிள் பருவக் குறிப்புகள்

ஆகஸ்ட் 24

தோட்டத்து வாசல் கடையை இன்று திறந்துவிட்டார்கள். முதலில் வந்திருப்பது கிராவன்ஸ்டைன். புளிப்பும் வாசனையும் தூக்கலாக இருக்கும், உருவம் கொஞ்சம் கோணல்மாணல், ஒரே அளவில் இரண்டு பழம் பொறுக்குவதே கஷ்டம். முதலில் பழுக்கிற ரகங்கள் பொதுவாக அதிக நாள் தாங்காது, அதனால் இந்த வாரம் தின்கிற அளவுக்குத்தான் வாங்கினேன். பெரிய கடைகளில் இது அவ்வளவாகக் கண்ணில் படாததும் அதனால்தான், லாரியில் ஏற்றி இறக்குவதற்குள் கன்றிப்போகும்.

செப்டம்பர் 14

இன்று மேசை நிறையக் கூடைகள். காலா, மெக்கின்டாஷ், ஹனிகிரிஸ்ப். கூட்டமெல்லாம் ஹனிகிரிஸ்ப் பக்கம்தான். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1991இல் வெளியிட்ட ரகம் அது. அதன் செல்கள் பெரியவை, கடிக்கும்போது ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் அப்படியே உடைகின்றன, அந்தச் சத்தமும் வாய் நிறையச் சாறும் அதனால்தான். நல்ல பழம், மறுக்கவே மாட்டேன். ஆனால் வாசனை என்று வந்தால் எனக்கு மெக்கின்டாஷ்தான். கனடாவின் ஒன்டாரியோவில் ஜான் மெக்கின்டாஷ் என்பவர் 1811இல் தன் நிலத்தைத் திருத்தும்போது தானாக முளைத்திருந்த கன்றுகளைக் கண்டெடுத்தார், இன்று எங்கே மெக்கின்டாஷ் மரம் இருந்தாலும் அந்தக் கன்றுகளில் ஒன்றிலிருந்து ஒட்டுக்கு ஒட்டாக வந்ததுதான். விதை போட்டால் தாய்மரத்தின் பழம் வராது. ஒட்டுக்கட்ட ஆளில்லாமல் போனால் ஒரு ரகமே அழிந்துவிடும், அதனால்தான் பழைய ரகங்களை விடாமல் வைத்திருக்கும் தோட்டங்களைத் தேடிப் போய் வாங்குகிறேன்.

செப்டம்பர் 17

மிச்ச மெக்கின்டாஷ் ஃபிரிட்ஜுக்குள் போயாச்சு. வெளியே இருந்தால் சீக்கிரமே மாவாகிவிடும். கேரட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கக் கூடாது, ஆப்பிள் விடுகிற எத்திலீன் வாயு பட்டால் கேரட் கசக்கும்.

செப்டம்பர் 28

ஒருவர் கூடையைக் கிளறிக் கிளறி நல்ல சிவப்பாக எடுத்துக்கொண்டிருந்தார். கடைக்கார அம்மா ஒரு பழத்தைத் திருப்பிக் காட்டி, "சிவப்பைப் பாக்காதீங்க, காம்புக் குழியைப் பாருங்க" என்றார். குழியைச் சுற்றி, சிவப்பு ஏறாத இடத்தில் பச்சை மாறி மஞ்சள் தட்டியிருந்தது. பழுத்ததற்கு அடையாளம் அந்த மஞ்சள்தான், சிவப்பு வெயில் பட்ட பக்கமெல்லாம் ஏறும். ரெட் டெலிஷியஸுக்கு நடந்ததும் இதுதானே. 19ஆம் நூற்றாண்டில் அயோவாவில் கிடைத்தபோது ருசிக்காகவே பேர் வாங்கிய பழம், அப்புறம் இன்னும் சிவப்பு இன்னும் சிவப்பு என்று கிளை பொறுக்கிப் பொறுக்கி ஒட்டுக்கட்டியதில் தோல் தடித்தது, ருசி போனது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

அக்டோபர் 5

காக்ஸ் ஆரஞ்ச் பிப்பின் வந்துவிட்டது! வருஷம் முழுக்கக் காத்திருப்பது இதற்குத்தான். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் காக்ஸ் வளர்த்தெடுத்தது. மங்கலான ஆரஞ்சு, அங்கங்கே சொரசொரப்பு, பார்வைக்கு ஒன்றுமில்லை. நன்றாகப் பழுத்ததைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். கடித்தால் முதலில் புளிப்பு, பின்னாலேயே இனிப்பு, அப்புறம் கொட்டைப் பருப்பைப் போல ஒரு சுவை நாக்கில் நின்றுவிடுகிறது. பறித்து ஒரு வாரம் வைத்திருந்து தின்றால் இன்னும் நன்றாக இருக்கும் என்று எல்லாரிடமும் சொல்கிறேன், யாருக்கும் பொறுமையில்லை.

அக்டோபர் 26

கோல்டன் ரசெட் வாங்கினேன். உருளைக்கிழங்குத் தோல் மாதிரி இருப்பதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், அத்தனை இனிப்பும் உள்ளே இருக்கிறது. இந்தத் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது, சுருங்கிவிடும், அதனால் ஓட்டை போட்ட பையில் கட்டிக் குளிரில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் குளிர்காலம் முழுக்க வரும். ஃபூஜி இன்னும் மரத்திலேயே இருக்கிறதாம், அடுத்த வாரம்தான் பறிப்பார்கள், ஒரு பெட்டி சொல்லி வைத்திருக்கிறேன்.