உகாண்டா: சிங்கத்தை விடுங்கள், படகில் ஏறுங்கள்

உகாண்டா போய்வந்த அலுப்பு இன்னும் தீரவில்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆப்பிரிக்கப் பயணம் என்றாலே எல்லோரும் சிங்கத்தைத்தான் கேட்கிறார்கள். பயண முகவர்களும் அதைத்தான் விற்கிறார்கள். கையிலிருக்கும் பணம் அளவானது என்றால், அதைப் படகுக்கும் பறவை தெரிந்த உள்ளூர் வழிகாட்டிக்கும் கொடுங்கள். சிங்கத்தைத் துரத்தும் வண்டிக்குக் கொட்டாதீர்கள்.

உகாண்டாவின் பரப்பு இந்தியாவில் பதின்மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. கென்யாவையும் தான்சானியாவையும் விட்டுவிட்டு இங்கே போக எனக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. கொரில்லா பார்க்கப் போகவில்லை. அனுமதிச் சீட்டு மட்டுமே 800 டாலர், பார்ப்பதற்குக் கிடைப்பதோ ஒரு மணி நேரம். கொரில்லாக் காடுகளைக் காக்க அந்தப் பணம் உதவுகிறது என்பதை மதிக்கிறேன். ஆனால் என் மொத்தப் பயணச் செலவில் பெரும்பகுதியை அதுவே விழுங்கியிருக்கும்.

முதலில் மபாம்பா. விக்டோரியா ஏரியின் ஓரத்தில், எண்டெபிக்கு மேற்கே இருக்கும் சதுப்பு நிலம் இது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2006 முதல் இருக்கிறது. விடியற்காலையில் கிளம்பி, ஒடுக்கமான மரப்படகில் ஏறினோம். இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் பாப்பிரஸ் கோரை, நடுவில் அல்லி மூடிய வாய்க்கால். துடுப்பு போடுகிறவரும் வழிகாட்டியும் அந்த ஊர் மீனவர்கள். ஷூபில் பறவைக்காகத்தான் உலகம் முழுவதிலிருந்தும் இங்கே ஆட்கள் வருகிறார்கள்.

பார்த்தேன்! நான்கடி உயரம், சாம்பல் நிறம், முகத்தில் ஒரு பெரிய மரச் செருப்பைக் கவிழ்த்து ஒட்டியது போன்ற அலகு. பார்க்க நாரை மாதிரி இருந்தாலும் இதற்குக் கூழைக்கடாதான் நெருங்கிய உறவு. அசையவே அசையாது. வழிகாட்டி படகை நிறுத்தச் சொல்லிவிட்டு, நீரைப் பாருங்கள் என்றார். இதன் விருப்ப உணவு நுரையீரல் மீன். சதுப்பு நீரில் ஆக்ஸிஜன் குறைவு என்பதால் அந்த மீன் காற்றுக்காக மேலே வந்தே ஆகவேண்டும். அந்த ஒரு நொடிக்காகத்தான் பறவை நிற்கிறது. நிற்க நிற்க நமக்கும் மூச்சு அடங்கிப்போகிறது. திடீரென்று இறக்கையை விரித்து, உடம்பு மொத்தத்தையும் முன்னால் சாய்த்து நீரில் விழுந்தது. எழுந்தபோது அலகில் கோரையும் சேறும், நடுவே நெளியும் மீன். ஒரு முறை தலையை உதறி, அலகின் ஓரத்தால் கோரையை வெட்டித் தள்ளிவிட்டு, மீனை விழுங்கிவிட்டு, பழையபடி நின்றது. படகில் யாரும் பேசவில்லை. எனக்குக் கை நடுங்கியதில் ஒரு படமும் தேறவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

இன்னொரு செய்தியையும் அந்த வழிகாட்டிதான் சொன்னார். இந்தப் பறவை கண்ணில் பட்டால் வலையில் மீன் விழாது என்ற நம்பிக்கை அந்த மீனவர்களிடம் இருந்ததாம். பார்த்த இடத்தில் கொன்றுவிடுவார்களாம். இன்று அதே ஆட்களின் பிள்ளைகள் பள்ளிக் கட்டணம் கட்டுவது இந்தப் பறவையைக் காட்டிக் கிடைக்கும் கூலியில். படகுக் கூலியில் பேரம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. விமான டிக்கெட்டுக்கு அவ்வளவு கொடுத்துவிட்டு, சேற்றில் நின்று துடுப்பு தள்ளுகிறவரிடமா மிச்சம் பிடிப்பது?

அடுத்தது மர்ச்சிசன் நீர்வீழ்ச்சித் தேசியப் பூங்கா. கம்பாலாவிலிருந்து மசிண்டி வரை பஸ். இந்தப் பஸ்ஸைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஏறும்போது முக்கால்வாசி நிறைந்திருந்தது, நடத்துநர் இதோ கிளம்புகிறோம் என்றார். சிறிது நேரத்தில் முன்வரிசைக்காரர் எழுந்து இறங்கிப் போனார். பிறகு பக்கத்தில் இருந்தவர். பிறகு இன்னும் இருவர். அவர்கள் பயணிகளே இல்லை, பஸ் நிறைந்திருப்பதாகக் காட்ட உட்காரவைத்த ஆட்கள்! ஒரு உண்மைப் பயணி ஏறினால் ஒரு பொய்ப் பயணி இறங்குவார். இப்படியே காலைப்பொழுது முழுவதும் போனது. வெயிலில் தகரம் கொதித்தது, ஜன்னல் வழியே தண்ணீர் பாட்டில், பெல்ட், கடிகாரம், வறுத்த வாழைப்பழம் எல்லாம் விற்பனைக்கு வந்தன. கிளம்பிய பிறகு சாலை நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்து, நேரத்துக்குப் புறப்படும் வண்டியை விடுதியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மசிண்டியில் இறங்கியதும் சாப்பிட்ட சாப்பாடு அந்தக் கோபத்தை எல்லாம் துடைத்துவிட்டது. சாலையோரத் தள்ளுவண்டியில் ரோலெக்ஸ்: கண்முன்னே தேய்த்துச் சுட்ட சப்பாத்தி, முட்டைகோசும் தக்காளியும் வெங்காயமும் போட்ட ஆம்லெட், இரண்டையும் சேர்த்துச் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சில ஆயிரம் ஷில்லிங்தான். டாலருக்குச் சுமார் 3,600 ஷில்லிங் என்பதால் ஆயிரக்கணக்கைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சப்பாத்தி இங்கே வந்தது இந்தியர்களோடு. 1972இல் அதிபர் இடி அமீன் அவர்களை விரட்டினார், சப்பாத்தி மட்டும் ஊர்ச் சாப்பாடாகவே நின்றுவிட்டது. இரவு மட்டோக்கே, அதாவது வேகவைத்து மசித்த வாழைக்காய், மேலே நிலக்கடலைக் குழம்பு, பக்கத்தில் கீரை, முழுதாகப் பொரித்த திலேப்பியா. நம் ஊரில் ஜிலேபிக் கெண்டை என்று விற்கும் மீனின் உறவுதான், ஆனால் ருசியில் நம் ஊர் மீன் இதற்குக் கிட்டேகூட வராது. சைவக்காரர்கள் மீனை விட்டுவிட்டு அவரைக் குழம்பை வாங்கிக்கொண்டால் வயிறு நிறையும்.

வாடகை வண்டி ஓட்டுநரோடுதான் சண்டை. எரிபொருள் உட்பட என்று பேசி, முன்பணமும் கொடுத்தாயிற்று. பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு, எரிபொருள் தனி என்றார். பேசியதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தேன், எடுத்து நீட்டினேன். முகம் சுருங்கினாலும் அடங்கினார். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் ஒன்றரை லட்சம் ஷில்லிங் போயிருக்கும். எழுதி வாங்காமல் யாருக்கும் முன்பணம் தராதீர்கள். கறுப்பு, நீலச் சட்டைகளையும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். பூங்காவின் தென்பகுதிக் காட்டில் செட்சி ஈக்கள் அந்த நிறங்களைத்தான் தேடி வருகின்றன. கடித்தால் துணியைத் தாண்டி வலிக்கும்.

நைல் நதியின் வடகரைக்குப் போனதும் கண்ணில் பட்டது பனங்காடு! எங்கு பார்த்தாலும் பனை. நம் பனையின் அதே பேரினம், வேறு இனம். நடுத்தண்டு கொஞ்சம் பருத்திருக்கும். யானைகள் பழத்தைத் தின்று கொட்டையைச் சுமந்துபோய்ப் போடுவதால்தான் இவ்வளவு பரவியிருக்கின்றன. பனைக்கு நடுவே ஒட்டகச்சிவிங்கி நிற்பதைப் பார்த்து, வண்டியை நிறுத்தச் சொல்லி வெகுநேரம் நின்றேன். ஓட்டுநருக்குப் புரியவில்லை. அவருக்குத் தொலைபேசியில் சிங்கச் செய்தி வந்துவிட்டது. தரை இருவாச்சி ஜோடி ஒன்று சாலையோரம் நடந்துகொண்டிருந்தது, அதைத் தாண்டிப் பறந்தார். போய்ப் பார்த்தால் புதருக்கடியில் ஒரு பெண்சிங்கம் படுத்திருக்கிறது, சுற்றிலும் வண்டிகள், புகை, கூச்சல். அந்த விலங்குக்கு எழுந்துபோகக்கூட வழி விடவில்லை. எனக்கு அங்கே நிற்கக் கூசியது. திரும்பச் சொல்லிவிட்டேன். இருவாச்சிகள் போயிருந்தன.

பூங்காவுக்குள் நைல் கரையில் இருக்கும் படகுத்துறை பாரா. அங்கிருந்து புறப்படும் படகில் எல்லாம் சரியாயிற்று. நீர்யானைகள், மணல்திட்டில் வாய்பிளந்த முதலைகள், தண்ணீர் குடிக்க வந்த யானைக் கூட்டம் எல்லாம் உண்டு. நான் பார்த்துக்கொண்டிருந்தது மண்கரையை. அதில் வரிசை வரிசையாகப் பொந்துகள், பொந்துக்கு ஒன்றாகச் செந்தொண்டைப் பஞ்சுருட்டான்கள். பச்சையும் சிவப்பும் ஒரே நேரத்தில் கிளம்பிப் படகுக்கு மேலே சுழன்றன. கருப்பு வெள்ளை மீன்கொத்தி, நம் ஏரிகளில் பார்க்கும் அதே இனம், அந்தரத்தில் நின்று நீரைக் குறிபார்த்தது. மீன்கழுகின் கூவல் நதி முழுக்கக் கேட்டது. நீர்வீழ்ச்சிக்குக் கீழே வந்ததும் நுரைக்கட்டிகள் மிதந்து வந்தன. அவ்வளவு பெரிய நைல் சுமார் ஏழு மீட்டர் இடுக்கில் நெரிந்து 43 மீட்டர் கீழே விழுகிறது. 1962 வெள்ளத்தில் பக்கத்திலேயே இன்னொரு வழியை உடைத்துக்கொண்டது, அது உஹுரு நீர்வீழ்ச்சி.

இந்தப் பூங்காவுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறார்கள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. பூங்காவை ஒட்டிய ஆல்பர்ட் ஏரிப் படுகையின் கச்சா எண்ணெய் மெழுகுபோல் உறைவதால், தான்சானியாவின் டாங்கா துறைமுகம் வரை 1,443 கிலோமீட்டர் குழாயைச் சூடாக்கியே கொண்டுபோக வேண்டும். அதற்காகப் பூங்காவுக்குள் அகலமான தார்ச்சாலை வந்துவிட்டது, வண்டிகள் பாய்கின்றன. நாட்டுக்கு வருமானம் வேண்டும் என்பது புரிகிறது. யானை இறங்கும் கரையில்தானா துளை போடவேண்டும்? போக நினைக்கிறவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

செலவுக் கணக்கை ஒழுங்காக எழுதத்தான் நினைத்தேன், இடம் போய்விட்டது. முக்கியமானவை மட்டும்: பூங்கா நுழைவுச் சீட்டு 24 மணி நேரத்துக்குச் செல்லும், ஆகவே பிற்பகலில் நுழைந்தால் மறுநாள் காலைப் படகில் போக இன்னொரு நுழைவுச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. டாலர் நோட்டுகள் புதியதாக, மடிப்பில்லாமல் இருக்கட்டும். பழைய வரிசை நோட்டுகளையும் சிறு நோட்டுகளையும் குறைந்த விலைக்கே மாற்றுவார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். மர்ச்சிசன் படகில் இடப்பக்க இருக்கையைப் பிடியுங்கள், எங்கள் படகு போகும்போது வடகரையை ஒட்டியே போனது, பஞ்சுருட்டான் பொந்துகள் அந்தப் பக்கம்தான்.