ஹச்சிகோ முன்னாடி நில்லு, வந்துர்றேன்

டோக்கியோ வந்த புதுசுல ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பையன் சனிக்கிழமை ஷிபுயா வா, ஹச்சிகோ முன்னாடி நில்லுன்னான். ஏதோ கடை போலன்னு நெனச்சு போனா, ஸ்டேஷனுக்கு வெளிய வெண்கலத்துல ஒரு நாய் உக்காந்துருக்கு, அத சுத்தி என்னய மாதிரியே போனையும் வழியையும் மாத்தி மாத்தி பாத்துட்டு அவ்ளோ கூட்டம். ஸ்டேஷன்ல அந்தப் பக்கத்து வாசலுக்கே ஹச்சிகோ வாசல்னுதான் பேரு. அவன் வந்தது அர மணி நேரம் லேட்டு.

கதை நெறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும். அகிதா பக்கம் ஓடாத்தேல 1923ல பொறந்த குட்டி, உயெனோ ஹிதேசபுரோங்கற விவசாய பேராசிரியர் வீட்டுக்கு 1924 ஜனவரில வந்துச்சு, அவர் 1925 மே மாசம் யுனிவர்சிட்டிலயே மூளைல ரத்தக்கசிவு வந்து இறந்துட்டார். ரெண்டு பேரும் சேந்து இருந்ததே ஒன்றரை வருஷம் கூட இல்ல, அதுக்கு 1935 மார்ச்ல சாகுற வரைக்கும் கிட்டத்தட்ட பத்து வருஷம் அவர் வருவார்னு ஸ்டேஷனுக்கு வந்து காத்துட்டே இருந்துருக்கு. நாய் நன்றியுள்ள மிருகம்னு மூணாங்கிளாஸ்ல கட்டுரை எழுதி மார்க் வாங்குனவங்கதான நாம, அதனால இது வரைக்கும் எனக்கு பெருசா ஒண்ணும் தோணல.

ஆனா இதுல மனுஷங்க பங்கு என்னன்னு படிச்சப்பதான் உறுத்துச்சு. 1932ல ஆசாஹி பேப்பர்ல வர்ற வரைக்கும் ஸ்டேஷன்ல இருந்தவங்களும் கடைக்காரங்களும் அத வெரட்டிருக்காங்க, அடிச்சிருக்காங்க, பேப்பர்ல வந்தப்புறம்தான் அதுக்கு திடீர்னு மரியாத. 1934ல செல தெறந்தப்ப அதுவே பக்கத்துல நின்னுருக்கு, பாவம், என்ன புரிஞ்சுருக்குமோ. அந்த செலையயும் போர் சமயத்துல உலோகம் வேணும்னு உருக்கிட்டாங்க, இப்ப இருக்குறது மொத செலைய செஞ்சவரோட மகன் 1948ல செஞ்சது. ஹச்சிகோ செத்தப்புறம் பாத்தா வயித்துல யாகிதோரி குச்சிங்க கெடந்துச்சாம், அதான் கம்பில குத்தி சுடுற கோழிக்கறி. அப்ப கறிக்குதான் வந்துச்சுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சிரிச்சார். இருக்கட்டுமே, நாமளும் சோறு போடுற வீட்டுக்குதான் திரும்பத் திரும்ப போறோம்.

டோக்கியோல உயெனோன்னே ஒரு ஏரியா இருக்கு, அங்க இருக்குற மியூசியத்துல ஹச்சிகோவோட தோல பாடம் பண்ணி வச்சுருக்காங்க, செலையில பாக்குறத விட சாதுவா இருக்கு. அதே எடத்துல ஜிரோவும் நிக்குது. 1958ல அண்டார்டிகால ஜப்பான்காரங்க 15 நாய்கள கட்டுனபடியே விட்டுட்டு வர வேண்டியதாப் போச்சு, மறு வருஷம் போய்ப் பாத்தா தாரோ ஜிரோன்னு ரெண்டு மட்டும் உயிரோட ஓடி வந்துச்சு. மத்த 13ம் திரும்ப வரல, அந்தக் கண்ணாடி முன்னாடி எனக்கு அதுதான் ஞாபகத்துல நின்னுச்சு.

இங்க என் கண்ணுல ஒரு தெருநாய் கூட படல. டீக்கடை வாசல்ல பிஸ்கட் போட்டு பழகுன கைக்கு இது என்னமோ மாதிரி இருந்துச்சு. எங்க அபார்ட்மெண்ட்ல நாய் வளக்கவும் கூடாது. எதிர் பில்டிங்ல ஒரு தாத்தா கொழந்தய தள்ளுற மாதிரி வண்டில நாய வச்சு தள்ளிட்டு போவார், வந்த புதுசுல அத போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பி சிரிச்சேன். அப்புறம் எனக்குத் தெரிஞ்ச அரகொற ஜப்பானீஸ்ல கேட்டப்பதான் சொன்னார், 16 வயசாச்சு, பின்னங்கால் வரல, ஆனா சாயங்காலம் ஆனா வாசலப் பாத்து கத்துதுன்னு.

பார்க் மூலைல தூக்கி எறக்கி விடுவார். அது நாலு எட்டு வச்சு ஒண்ணுக்குப் போகும், உடனே பாட்டில் தண்ணிய ஊத்தி கழுவிடுவார், இங்க அது பழக்கம். நேத்து நான் பக்கத்துல நின்னேன், சிக்னல் பச்சை விழுந்துச்சு, அது இன்னும் ஒரு செடிய மோந்துட்டே இருந்துச்சு, தாத்தா அசையல. சிக்னல் செவப்பு விழுந்து, மறுபடி பச்சையும் விழுந்துச்சு.