முழங்கைக்கு மூன்று ஆட்டம்

நவம்பர் 14, 2025, வெள்ளி

நேற்று ராத்திரி ஒன்றேகாலுக்கு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக் கால்பந்து ஆட்டம். காலை ஷிப்ட் இருந்தும் முழித்திருந்து பார்த்தேன். டப்ளினில் அயர்லாந்து 2-0 என்று போர்ச்சுகலை அடித்துவிட்டது. இரண்டு கோலும் டிராய் பாரட் போட்டது, இரண்டும் இடைவேளைக்கு முன்னாலேயே. ஆனால் இன்று ராணிப்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் பாரட் பேரை ஒருத்தரும் எடுக்கவில்லை. எல்லார் வாயிலும் ரொனால்டோவின் ரெட் கார்டுதான்.

கோல் முன்னால் பாக்ஸுக்குள் இடம் பிடிக்கிற தள்ளுமுள்ளு. பந்து ரொனால்டோவிடம் இல்லை. தன்னை ஒட்டி நின்று மார்க் பண்ணிக்கொண்டிருந்த அயர்லாந்தின் டாரா ஓஷே மேல் ரொனால்டோ முழங்கையை வீசினார். ரெஃப்ரி முதலில் எச்சரிக்கைக்கான மஞ்சள் கார்டுதான் காட்டினார். வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து அதையே சிவப்பாக்கினார். போர்ச்சுகலுக்கு அவர் ஆடிய 226-ஆவது ஆட்டம், நாட்டுக்காக ஆடும்போது வாங்கிய முதல் ரெட்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவை என்பதைப் பெரிதாகத்தான் நினைக்கிறேன். அதைவிட எனக்கு உறுத்தியது அவர் வெளியே போன விதம். கூட்டத்தைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டு, அயர்லாந்து கோச் ஹால்கிரிம்சனிடம் வாய் கொடுத்துக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொள்ளும் எங்கள் டீமில் பாதிப் பையன்கள் முதுகில் ரொனால்டோவின் ஏழாம் நம்பர் கேட்டு அடித்துக்கொள்கிறார்கள். அவர்களும் இதைப் பார்த்திருப்பார்கள்.

நவம்பர் 16, ஞாயிறு

விடியற்காலையில் நல்ல மழை. சத்துவாச்சாரி மைதானத்தில் கோல் முன்னால் முழுக்கச் சேறு. ஆற்காடு டீமோடு லீக் ஆட்டம், 1-1.

இரண்டாவது பாதியில் ஒரு கார்னர். எங்கள் ஏழாம் நம்பர், பதினேழு வயசுப் பையன், கோல் முன்னால் தடுத்து ஆடும் ஆற்காடு ஸ்டாப்பர் பனியனைப் பிடித்து இழுத்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையை விட்டான். புருவத்துக்கு மேலே கிழிந்துவிட்டது. மழைத் தண்ணீரோடு கலந்ததில் முகமெல்லாம் ரத்தம். சுண்ணாம்புக் கோட்டில் நின்ற எனக்கே அடிவயிறு கலங்கியது.

ரெஃப்ரி ஓடிவந்து பின் பாக்கெட்டிலிருந்து சிவப்பை எடுத்தார். மஞ்சளைச் சட்டைப் பையிலும் சிவப்பைப் பின்னாலும் வைத்திருப்பார், அவசரத்தில் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்று. ஈரத்தில் பேனா எழுதாது என்பதால் பென்சிலால் நம்பரையும் நிமிஷத்தையும் குறித்தார். நம்ம பையன் அவர் எதிரே போய் நின்று, "அவன்தான் சார் முதல்ல இழுத்தான்" என்று கத்தினான். இழுத்தது உண்மைதான். நான் உள்ளே போய்த் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்தேன்.

சாயங்காலமே கமிட்டி சொல்லிவிட்டது: மூன்று ஆட்டம் உட்கார வேண்டும். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப் புத்தகத்திலும் முழங்கையால் அடித்தால் குறைந்தது மூன்றுதான். அதில் பேசுவதற்கு எதுவும் இல்லை.

ராத்திரி ரொனால்டோ இல்லாத போர்ச்சுகல் ஆர்மீனியாவை 9-1 என்று அடித்து உலகக் கோப்பைக்குப் போய்விட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

பிராக்டிஸ் முடிந்து டீக்கடையில் பையன்கள் கேட்டார்கள், "அண்ணா, ஒரு முழங்கைக்கு மூணு மேட்ச் ஓவர் இல்லையா?" அவர்களுக்கு 1994 கதை சொன்னேன். அமெரிக்காவில் நடந்த அந்த உலகக் கோப்பையை முழங்கைக் கோப்பை என்றே சொல்லலாம்.

ஜூலை 4, பிரேசிலும் அமெரிக்காவும். பிரேசிலின் லியோனார்டோவை அமெரிக்காவின் டாப் ராமோஸ் பிடித்து இழுக்கிறார். லியோனார்டோ முழங்கையைப் பின்னால் விடுகிறார். ராமோஸுக்கு மண்டை ஓட்டிலேயே விரிசல். ரெட் கார்டு, நான்கு ஆட்டத் தடை. பிரேசில் பத்துப் பேரோடு ஆடி 1-0 என்று ஜெயித்தது, கோப்பையையும் தூக்கியது. லியோனார்டோவுக்கு மட்டும் அதற்கப்புறம் ஒரு நிமிஷம்கூட ஆட்டம் இல்லை. ஆனால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் ராமோஸைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார்.

ஐந்து நாள் கழித்து இத்தாலியும் ஸ்பெயினும். பாக்ஸுக்குள் இத்தாலியின் டசோட்டி முழங்கையால் ஸ்பெயினின் லூயிஸ் என்ரிக்கே மூக்கை உடைத்தார். ரெஃப்ரி சாண்டோர் புல் பார்க்கவே இல்லை. பெனால்டியும் இல்லை, கார்டும் இல்லை, இத்தாலி 2-1 என்று ஜெயித்துவிட்டது. ஆட்டம் முடிந்த பிறகு வீடியோவைப் பார்த்து டசோட்டிக்கு எட்டு ஆட்டத் தடை போட்டார்கள். அவர் அதற்கப்புறம் இத்தாலிக்கு ஆடவே இல்லை. ரத்தம் வழிய அழுதுகொண்டே நின்ற என்ரிக்கேவுக்கு அந்த எட்டால் என்ன ஆயிற்று? ஸ்பெயின் ஊருக்குத்தானே திரும்பியது. என்ன குறை இருந்தாலும் வீடியோ ரெஃப்ரி வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஏழாம் நம்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. டீயும் அப்படியே இருந்தது.

நவம்பர் 22, சனி

அவனே போன் பண்ணி, "ஆற்காடு போய்ட்டு வரலாமா அண்ணா?" என்றான். சாயங்காலம் பஸ் ஏறினோம்.

ஸ்டாப்பர் வீட்டில் அவன் அம்மாதான் கதவைத் திறந்தார். நம்மவன் வாசலிலேயே நின்றுவிட்டான். "தெரியாம பண்ணிட்டேன்னு சொல்ல மாட்டேன்மா, கோவத்துல பண்ணிட்டேன்" என்றான். அந்த அம்மா கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணுல பட்டிருந்தா என்னப்பா பண்ணியிருப்ப?" என்று கேட்டுவிட்டு உள்ளே கூப்பிட்டார். தையல் இன்னும் பிரிக்கவில்லை, புருவம் வீங்கித்தான் இருந்தது. பத்து நிமிஷத்தில் இரண்டு பையன்களும் ஷூவைக் கையில் எடுத்து, சேற்றில் எந்த ஸ்டட் வழுக்காது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

அவன் உட்கார வேண்டிய மூன்றில் முதல் ஆட்டம். 2-0, ஜெயித்தோம். அரையிறுதிக்கு வந்தாயிற்று.

நவம்பர் 26, புதன்

ஃபிஃபா முடிவு வந்துவிட்டது. ரொனால்டோவுக்கு மூன்று ஆட்டத் தடை. ஆனால் அதில் இரண்டை ஒரு வருஷத்துக்கு நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஆர்மீனியா ஆட்டத்தோடு ஒன்று கழிந்துவிட்டது. இந்த ஒரு வருஷத்தில் இதே மாதிரி தப்பு செய்தால் மட்டும் மீதி இரண்டும் திரும்ப வரும். ஆக, 2026 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே இறங்கலாம்.

விதியை மீறினார்கள் என்று சொல்ல முடியாது. தண்டனையை நிறுத்திவைக்க ஃபிஃபா விதிப் புத்தகத்தின் 27-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் சின்ன நாட்டுப் பின்கள ஆட்டக்காரர் ஒருத்தர் இதே முழங்கையை வீசியிருந்தால் அந்தப் பிரிவை யார் புரட்டிப் பார்த்திருப்பார்கள்? 1962 உலகக் கோப்பையிலும் இதுதான் நடந்தது. அரையிறுதியில் சிலிக்காரரை உதைத்து வெளியேற்றப்பட்ட பிரேசிலின் கரிஞ்சாவை இறுதி ஆட்டத்தில் இறங்க விட்டார்கள். பிரேசில் கோப்பையை வாங்கியது. கரிஞ்சா ஆட்டம் எனக்கு உயிர். ஆனாலும் அது நியாயமே இல்லை. 1998 உலகக் கோப்பையில் பிரான்ஸ் தன் சொந்த மண்ணில், சவுதி ஆட்டக்காரரை மிதித்த ஜிதானை இரண்டு ஆட்டம் உட்கார வைத்துவிட்டுத்தான் ஆடியது. அதில் ஒன்று பராகுவேயோடு தோற்றால் வீட்டுக்கு என்ற ஆட்டம். அவர் இல்லாமல் கூடுதல் நேரம் வரை இழுத்து ஜெயித்தார்கள். அதுதான் முறை.

நவம்பர் 28, வெள்ளி

எதிர்பார்த்தது வந்தது. போட்டி நடத்துகிறவர்களில் ஒருத்தர் போனில்: "ஏழாம் நம்பரை ஞாயித்துக்கிழமை இறக்கிடுங்க சார். அவன் ஆடினாத்தான் கூட்டம் வரும். ரொனால்டோவுக்கே விட்டுட்டாங்க, இது என்ன பெரிய விஷயம்? ஆற்காடு டீமும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஆற்காடு வீட்டுத் திண்ணைதான் எனக்கு ஞாபகம் வந்தது. முடியாது என்றேன். "டீம் தோத்தா?" என்றார். தோற்றால் தோற்றது என்றேன். அவருக்குக் கோபம், போனை வைத்துவிட்டார்.

அப்புறம் பையனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவனுக்குத் தெரியாமல் வைப்பது சரியில்லை. "ஆசையா இருக்குண்ணா. ஆனா நான் உட்கார்ந்துக்கறேன்" என்றான்.

நவம்பர் 30, ஞாயிறு

அரையிறுதி. 0-0, பெனால்டியில் 4-3 என்று தோற்றோம். அவன் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று மைதானத்தில் நாலு பேர் என் காதுபடவே சொன்னார்கள். இருக்கலாம். அவன் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டு, பெனால்டியைத் தவறவிட்ட நம்ம லெஃப்ட் பேக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

டிசம்பர் 7, ஞாயிறு

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தோடு அவன் தடை முடிந்தது. 3-1. அடுத்த வாரம் குடியாத்தத்தில் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டி, பெயர்ப் பட்டியலை இன்றே எழுதி அனுப்பிவிட்டேன். ஏழாம் நம்பர் அவனுக்குத்தான்.