தனக்குத் தானே உயில் எழுதிய சங்கம்

கிறிஸ்தவ சபை வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொட்ட ஆவணம், 1804 ஜூன் 28 அன்று அமெரிக்காவின் கென்டக்கியில் போதகர் பார்ட்டன் ஸ்டோனும் அவருடைய தோழர்களும் கையெழுத்திட்ட ஓர் உயில்தான். தாங்களே தொடங்கி ஓராண்டுகூட நிறையாத ஸ்பிரிங்ஃபீல்ட் மூப்பர் சங்கம் என்ற சபை நிர்வாகக் குழு இறந்து, கரைந்து, கிறிஸ்துவின் முழுச் சரீரத்தோடு ஒன்றாக வேண்டும் என்று அதில் எழுதினார்கள். அமைப்பையும் பதவியையும் காப்பதற்கே சபைகள் வழக்காடும் உலகில் இது எத்தனை அரிய துணிவு!

அயர்லாந்திலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்த தாமஸ் கேம்பெல், 1809இல் வெளியிட்ட அறிக்கையில், கிறிஸ்தவர்களின் பிரிவினையைக் கொடிய தீமை என்றார். அவர் மகன் அலெக்சாண்டர் அப்பணியைத் தொடர்ந்தார். 1832இல் ஸ்டோனின் கூட்டத்தாரும் கேம்பெல்களின் கூட்டத்தாரும் லெக்சிங்டனில் கைகோத்தனர். மனிதர் வகுத்த விசுவாசப் பிரமாணங்களை ஐக்கியத்துக்கு அளவுகோலாக்காமல் புதிய ஏற்பாட்டையே பற்றிக்கொள்வதும், விசுவாசித்தவருக்கே முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், ஞாயிறுதோறும் கர்த்தருடைய பந்தியில் சேர்வதும் அவர்களுடைய வழக்கமாயின.

ஒற்றுமைக்காகவே பிறந்த இந்த இயக்கம், ஆராதனையில் இசைக்கருவி கூடுமா, மிஷனரிச் சங்கங்கள் வேண்டுமா என்ற வாதங்களில் பிளவுபட்டு, 1906ஆம் ஆண்டின் அமெரிக்க அரசுக் கணக்கெடுப்பில் இரு தனிச் சபைகளாகப் பதிவானதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.