உப்புத் தண்ணீர் ஊரில் மீனும் கீரையும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீட்டுக் கிணறு வருடத்துக்கு இரண்டு குணம் காட்டும். கார்த்திகை மழை முடிந்த கையோடு இறைத்தால் குடிக்கலாம். சித்திரையில் அதே கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. மணல் தரையில் இறங்கிய மழைத்தண்ணீர் கனம் குறைந்தது என்பதால் உப்புத்தண்ணீர் மேல் மெல்லிசாகப் பரவி நிற்கிறது. இறைக்க இறைக்க மேலே உள்ளது தீர்ந்து, அடியில் உள்ளது வர ஆரம்பிக்கிறது. கொல்லையில் கீரை விதைத்தால் மாசி வரைக்கும் தாங்கும், அப்புறம் இலை ஓரம் கருகும்.

இந்தத் தண்ணீர்ப் பாட்டுக்குத்தான் அக்வாபோனிக்ஸ் பக்கம் போனேன். மீன் தொட்டித் தண்ணீரைப் பம்ப் மூலம் ஜல்லி நிரப்பிய படுகைக்கு ஏற்றி, அங்கே செடிகள் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தைத் திரும்பத் தொட்டிக்கே விடுகிற முறை. மண்ணில் ஓடி மறைய வழியில்லை என்பதால் மிகக் குறைந்த தண்ணீரே செலவாகும். விஷயத்தைச் சொன்னதும் அம்மாவுக்குத் தாங்கவில்லை. "கடல வாசல்ல வச்சுக்கிட்டு கெண்டைய வளக்கப் போறியாக்கும்?" எங்கள் பக்கம் கண்மாய் மீன் என்றாலே முகம் சுளிப்பார்கள். கீரைக்குத்தானம்மா மீன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

தொட்டி வாங்கும் முன், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை பிபிஎம் கணக்கில் காட்டும் டிடிஎஸ் பேனா ஒன்று வாங்கினேன். இந்தக் கடற்கரையில் யார் ஆரம்பித்தாலும் முதல் செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும். தைமாதம் கிணறு 600-ஐ ஒட்டிக் காட்டியது. வெயில் ஏற ஏற 2,000-ஐத் தாண்டியது. மிளகாய், அவரை போன்றவை ஏறக்குறைய 1,000 தாண்டினாலே சுணங்கிவிடும். கூடவே, காற்றில் ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆடிக் காற்றில் தொட்டி மட்டம் தினமும் கண்ணுக்குத் தெரியவே இறங்கும். அந்தக் குறைவைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினால் ஒவ்வொரு வாரமும் உப்பு ஒரு படி ஏறும். அதனால் ஈடுகட்டுவதற்கு மழைத்தண்ணீர்தான் என்று முடிவு செய்து, கூரையிலிருந்து குழாய் இறக்கி ஒரு பெரிய டேங்க் வைத்தேன். முதல் மழையை அதில் பிடிக்கக் கூடாது. கடல் காற்று ஓட்டின் மேல் படிய வைத்த உப்பெல்லாம் அந்த மழையில்தான் கழுவி வரும். டேங்க் வற்றினால் காவிரிக் கூட்டுக் குடிநீர். அதில் குளோரின் இருக்கும். திறந்த பாத்திரத்தில் காற்றைக் குமிழியாக விடும் காற்றுக் கல் போட்டு ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றுகிறேன்.

அமைப்பு பெரிதில்லை. 500 லிட்டர் தொட்டி, அதன் மேல் நீளவாட்டில் அறுத்த நீல டிரம்மின் இரண்டு பாதிகள். டிரம் சாப்பாட்டுப் பொருள் வந்ததா, ரசாயனம் வந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். அரை டிரம்மில் நிரப்பிய ஜல்லியே நூற்றைம்பது கிலோ போகும், ஆகவே ஹாலோ பிளாக் அடுக்கி அதன் மேல் வைத்தேன். படுகை நிரம்பியதும் தண்ணீரைத் தானாக வடித்துவிடும் மணி சைபன் வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் ஆரம்பத்துக்கு டைமர் போதும். கால் மணி நேரம் பம்ப் ஓடும், முக்கால் மணி நேரம் நிற்கும். இரும்புக் கிளாம்பு எதுவும் வேண்டாம், கடல் காற்றில் ஒரு பருவம்கூடத் தாங்காது. எல்லாம் பிளாஸ்டிக்தான்.

ஜல்லியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். இங்கே சும்மா கிடைப்பது கிளிஞ்சல் கலந்த கடற்கரைச் சரளை. கடையில் வாங்கிய வினிகரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அதில் ஒரு பிடியைப் போட்டேன். சர்ரென்று நுரை கிளம்பி, கல்லைச் சுற்றி நூல் நூலாகக் குமிழி ஏறியது. அது சுண்ணாம்பு. படுகை முழுக்க அதைப் போட்டால் தண்ணீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, இறங்காமல் உயர்ந்தே நிற்கும். கருங்கல் முக்கால் ஜல்லியை அதே கிண்ணத்தில் போட்டால் சத்தமே இல்லை. அதை வாங்கி, தூசி போகத் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசிப் போட்டேன்.

பிஎச்சுக்கு ஏன் இவ்வளவு கவலை? மீன் வெளியிடும் அமோனியாவில் ஒரு பகுதிதான் கொடிய வடிவில் இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் பிஎச் 7 என்றால் அது நூற்றில் ஒரு பங்குகூட வராது. 8 ஆனால் ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். நம் கிணறுகள் இயல்பாகவே 8-ஐ ஒட்டி நிற்பவை. மழைத்தண்ணீர் கலந்தபோது உப்போடு சேர்ந்து இதுவும் தணிந்தது.

அடுத்தது காத்திருப்பு. மீனை விடுவதற்கு முன்னால் ஜல்லியில் நுண்ணுயிர்கள் குடியேற வேண்டும். நைட்ரோசோமோனாஸ் வகை அமோனியாவை நைட்ரைட்டாக்கும். நைட்ரோஸ்பைரா வகை அதை நைட்ரேட்டாக்கும். செடிக்கு உணவாவது அந்த நைட்ரேட். நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும் வேலை இது. அமோனியாவுக்கு நவச்சாரம் போடலாம் என்று படித்து நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். பழுப்பாக, மண் ஒட்டிய கட்டியைக் காட்டினார்கள். என்ன கலந்திருக்கிறதோ தெரியாது என்பதால், மதுரையில் ரசாயனக் கடையில் ஆய்வகத் தரத்தில் சிறு பாக்கெட்டாக வாங்கிவரச் சொன்னேன். பெயர் அமோனியம் குளோரைடு. தண்ணீர் சோதனைக் கிட்டில் அமோனியா லிட்டருக்கு 2 முதல் 4 மில்லிகிராம் காட்டும் அளவுக்குக் கரைத்தேன்.

அந்த வாரங்களில் காலையில் எழுந்ததும் சோதனைக் குழாய்தான். அமோனியாக் குழாய் கரும்பச்சையாகவே இருந்தது. பிறகு நைட்ரைட் குழாய் ஊதாவாகி அப்படியே நின்றுவிட்டது. பலர் பொறுமை இழந்து மீனை விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஒரு காலை அமோனியா எலுமிச்சை மஞ்சளிலும் நைட்ரைட் வெளிர் நீலத்திலும் வந்தன. முந்தின நாள் போட்ட நவச்சாரம் ஒரே நாளில் முழுவதும் மாறியிருந்தது. அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ்வளவு சந்தோஷம். இதில் நம் ஊர் உப்புக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. தண்ணீரில் குளோரைடு இருந்தால் நைட்ரைட் செவுள் வழியே மீனின் ரத்தத்தில் ஏறுவது குறையும். லேசான உப்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, கட்டுக்குள் வைத்தால் போதும்.

மீனாக சாதாக் கெண்டையைத் தேர்ந்தெடுத்தேன். ஜிலேபி (திலாப்பியா) இன்னும் முரட்டு மீன்தான், ஆனால் அதை வளர்க்க அரசு அனுமதி வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது தடை செய்யப்பட்ட மீன். குஞ்சு வந்த பையைத் தொட்டியில் மிதக்க விட்டு, நம் தண்ணீரைக் குவளை குவளையாகக் கலந்து, நிதானமாகத்தான் விட வேண்டும். 1,000 லிட்டருக்கு 20 கிலோ மீனுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. என் தொட்டிக்கு அதில் பாதி. நான் அதையும் எட்ட விடுவதில்லை. கொக்குக்கும் பூனைக்கும் பயந்து மேலே வலை, வெயிலுக்குப் பச்சை நிழல் வலை.

கோடையில் சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். அந்த நேரம் பார்த்து ஒரு ராத்திரி கரண்ட் போனது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வாங்கி வைத்திருந்ததால் மீன்கள் பிழைத்தன. இது இல்லாமல் யாரும் மீன் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கரண்ட் இல்லாதபோது தீனியும் போடக் கூடாது.

செடிகளில் பொன்னாங்கண்ணி சொல்லிவைத்தாற்போல் வந்தது. புதினா படுகையையே பிடித்துக்கொள்ளப் பார்த்தது. கத்தரியில் மட்டும் புது இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றது. அது இரும்புக் குறை. மீன் தீனியில் இரும்பு போதுமான அளவு வராது, பிஎச் உயர்ந்தால் வரும் கொஞ்சமும் செடிக்குக் கிடைக்காது. செடி எடுத்துக்கொள்ளும்படி தண்ணீரில் கரைந்தே நிற்கும் கீலேட் செய்த இரும்பில் டிடிபிஏ வகையைக் கேட்டு வாங்குங்கள். ஈடிடிஏ வகை இந்தப் பிஎச்சில் நிலைக்காது. காய்க்கும் செடிக்குப் பொட்டாசியமும் குறையும். மண்டபம் பக்கம் வளர்க்கிற கடற்பாசியின் சாற்றைத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறேன், நன்றாகவே எடுத்துக்கொள்கிறது. அசுவினி வந்தால் வேப்பெண்ணெய்கூட வேண்டாம், சொட்டினால் மீனுக்கு ஆகாது. மாலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடுகிறேன், மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்று தொங்குகிறது.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் ஐப்பசியில் ஆரம்பியுங்கள். மழை டேங்கை நிரப்பும்போதே நுண்ணுயிர் வேலையும் ஓடிவிடும். தைக்குள் மீன் விட்டால் வெயில் வருவதற்குள் எல்லாம் நிலைத்துவிடும். நான் இப்போது மூன்றாவதாக ஒரு படுகை வைத்திருக்கிறேன், அதற்கு மட்டும் சித்திரைக் கிணற்றுத் தண்ணீர், தனித் தொட்டி. அதில் உப்பளத்து வரப்பிலிருந்து எடுத்துவந்த உமரிக்கீரையை ஊன்றியிருக்கிறேன். வேர் பிடித்துவிட்டது, நுனியில் புதுத் துளிர் தெரிகிறது.